பழைய பெட்ரோல் லோரிக்குக் காயில் வாங்குமுன்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் ஏற்றிக்கொண்டிருந்த, 1960களில் வந்த பெட்ஃபோர்ட் பெட்ரோல் லோரி ஒன்று உங்கள் அப்பாவிடமிருந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின். காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறினால் மறுபடியும் கிளம்புகிறது. இக்னிஷன் காயில், அதாவது பிளக்கில் தீப்பொறி விழ உயர் வோல்ட்டை எழுப்பும் கருவி, போய்விட்டது என்று ஒருவர் சொல்ல, நீங்கள் கடைக்குப் போனீர்கள். தௌக்கே (கடைக்காரர்) மூன்று காயில்களை மேசையில் எடுத்து வைத்தார். ஒன்றில் வெளி ரெசிஸ்டருடன் பயன்படுத்தவும் என்றும், இன்னொன்றில் ரெசிஸ்டர் தேவையில்லை என்றும், மூன்றாவதில் 40,000 வோல்ட் என்று பெரிய எழுத்திலும் அச்சிட்டிருந்தது. மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு, மூன்றும் 12 வோல்ட். விலை கூடியதை வாங்கிவிட்டால் தவறு வராதுதானே என்று கேட்கிறீர்கள்.

வரும். காயிலில் விலை கூடியது, பலம் கூடியது என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. அந்தக் காயிலுக்குள் உங்கள் லோரியின் ஒயரிங் எத்தனை வோல்ட்டை அனுப்புகிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தௌக்கேயால் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. இன்னொன்று, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி: கெட்டுப்போனது காயில்தானா? நீங்கள் சொல்லும் அடையாளம் காயிலுக்குப் பொருந்துகிறது. ஆனால் தீப்பொறிச் சுற்றில் இருக்கும் கண்டன்சர் என்ற சிறு மின்தேக்கிக்கும் பெட்ரோல் பம்புக்கும்கூட அதே அளவு பொருந்துகிறது. நான் 1978-இல் தோட்டப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்தவன். உங்கள் லோரியை நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்று ஒன்று; அதன்மேல் தலைமுடி போன்ற கம்பியில் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்று இன்னொன்று. தீப்பொறியைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் என்ற சிறு சுவிட்ச் மூடியிருக்கும் நேரத்தில் தடித்த சுற்றின் வழியாக மின்னோட்டம் ஏறி, இரும்பு நடுத்தண்டில் காந்தம் சேர்கிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அந்தக் காந்தம் சரிய, மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் தீப்பொறியாக விழுகிறது. இதில் நாம் வெளியிலிருந்து எளிதாக அளக்கக்கூடியதும், தேர்வைத் தீர்மானிப்பதும், தடித்த சுற்றின் ஓம் அளவு. பாயிண்ட் வைத்த பழைய எஞ்சின்களுக்கான 12 வோல்ட் காயில்கள் இரண்டு இனம்: ரெசிஸ்டர் தேவையில்லாதது சுமார் 3 ஓம், ரெசிஸ்டருடன் சேர்ந்து வேலை செய்வது சுமார் ஒன்றரை ஓம். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கென்று செய்தவை ஒரு ஓமுக்கும் குறைவாக, அரை ஓம் அளவுக்குக்கூட இறங்கும்.

ஒன்றரை ஓம் காயிலை எதற்காகச் செய்தார்கள் என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். தீப்பொறி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். ஆகவே குறைந்த வோல்ட்டிலேயே நன்றாக வேலை செய்யும்படி காயிலைச் செய்து, எஞ்சின் ஓடும் நேரத்தில் அதற்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரை நிறுத்தி வோல்ட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டிலிருந்து வரும் தனிக் கம்பி ஒன்று அந்த ரெசிஸ்டரைத் தாண்டி, பேட்டரியின் முழு வோல்ட்டையும் காயிலுக்குக் கொடுக்கும். இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 150 தீப்பொறி வேண்டும்; அதாவது ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஏழு மில்லிநொடிகூட இல்லை, அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் நான்கு மில்லிநொடி அளவுதான். அந்தச் சிறு இடைவெளியில் விரைவாக மின்னோட்டம் ஏறுவது சுற்றுக் குறைந்த ஒன்றரை ஓம் காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்த ஏற்பாட்டில்தான்.

இனி மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் சுமார் 14 வோல்ட். 3 ஓம் காயிலில் நாலரை ஆம்பியர் ஓடும். பாயிண்ட் பல்லாயிரம் மைலுக்குத் தாங்கக்கூடியது ஏறத்தாழ அவ்வளவே. ஒன்றரை ஓம் காயிலும் ஒன்றரை ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தாலும் அதே நாலரைதான். ஆனால் ஒன்றரை ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடும். காயிலில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். மறுபக்கம், 3 ஓம் காயிலை ரெசிஸ்டர் உள்ள ஒயரிங்கில் போட்டால் மூன்று ஆம்பியர்தான் கிடைக்கும். எதுவும் கெடாது, ஆனால் தீப்பொறி மெலிந்து, பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சின் இடறும். ஆகவே இரண்டு தவறுகளும் ஒன்றல்ல. ஒன்று லோரியைச் சோம்பேறியாக்கும். மற்றது பாயிண்டையும் காயிலையும் எரிக்கும்.

எரித்தவன் நான்தான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பால் லோரி ஒன்றில் காயிலின் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் இரண்டாகப் பிளந்திருந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அதன் இரு முனைக் கம்பிகளையும் ஒரு போல்ட் நட்டில் சேர்த்து முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டேன். சாவியைத் திருப்பியதும் லோரி முன்பைவிட வேகமாகக் கிளம்பியது; தலைமை மெக்கானிக்கே முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அது தொழிற்சாலைக்குப் போகும் மேட்டில், தொட்டி நிறைய ரப்பர் பாலுடன் நின்றது. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது காயிலின் அடிப்பகுதி ஊதி, மடித்த விளிம்பு வழியாக எண்ணெய் கசிந்து, எஞ்சின்மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்டின் முகம் நீலம் பாய்ந்து கிடந்தது. நாங்கள் வேறு காயில் கொண்டுவந்து மாட்டுவதற்குள் தொட்டியில் பால் உறையத் தொடங்கிவிட்டது. அன்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

ஆகவே கடைக்குத் திரும்பிப் போகுமுன் உங்கள் லோரியில் இரண்டு அளவுகள் எடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலாவது, இப்போது இருக்கும் காயிலின் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் பாருங்கள். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 போல ஏதாவது காட்டும், அது மீட்டர் கம்பியின் சொந்த ஓம். காயிலில் கிடைத்த எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இது சில்லறை விஷயம்போலத் தெரியும். ஒன்றரை ஓம் அளக்கும்போது 0.3 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் இந்த அளவு இப்போது என்ன காயில் மாட்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும், என்ன மாட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அறுபது வருடத்தில் எத்தனை கைகள் அந்த பானெட்டைத் திறந்தனவோ.

அதற்குத்தான் இரண்டாவது அளவு. கம்பிகளைத் திரும்ப மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் கம்பியை மட்டும் வெளியே விட்டு, காயிலின் அந்த முனையை ஒரு தனிக் கம்பியால் எஞ்சின் உடம்போடு இணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடியிருப்பதற்குச் சமம் அது. சாவியைப் போட்டு, சாவியிலிருந்து கம்பி வரும் மறுமுனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட்டே ஏறக்குறைய அப்படியே வந்தால் ஒயரிங்கில் ரெசிஸ்டர் இல்லை. 3 ஓம் காயில் வாங்குங்கள். ஆறு, ஏழு, எட்டு வோல்ட் என்று தெளிவாக இறங்கி நின்றால் எங்கோ ரெசிஸ்டர் இருக்கிறது. பத்து நொடிக்குமேல் சாவியைப் போட்டு வைக்க வேண்டாம், காயில் சூடாகிவிடும். பலர் இந்தச் சோதனையில் தவறுவது, பாயிண்ட் திறந்திருக்கும்போது அளப்பதால்தான். மின்னோட்டமே ஓடாதபோது ரெசிஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும்.

எங்கோ என்று நான் சொல்வது வேண்டுமென்றேதான். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் ரெசிஸ்டர் காயிலின் உடம்போடு பீங்கான் துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியும். வேறு பல வண்டிகளில் ஒயரிங் கட்டுக்குள் ஓடும் ஒரு கம்பியே ரெசிஸ்டராக இருக்கும். பார்த்தால் சாதாரண ஒயர். ஆகவே கண்ணால் தேடி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். ரெசிஸ்டர் இருப்பதாகத் தெரிந்தால், ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அதே இடத்தில் ஒருமுறை வோல்ட் பாருங்கள். 9 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் சொலினாய்டுக் கம்பி வேலை செய்கிறது. நான்கு, ஐந்து என்று விழுந்தால் அந்தக் கம்பி அறுந்தோ கழன்றோ இருக்கிறது. காலையில் கிளம்பச் சிரமப்படும் பல லோரிகளுக்கு நோய் அதுதான், காயிலை மாற்றி அது தீராது.

உங்கள் கடிதத்தில் பாயிண்ட் இருக்கிறதா, யாராவது அதை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்திருக்கிறார்களா என்ற விவரம் இல்லை. மூடியைத் திறந்து பாருங்கள். மாட்யூல் இருந்தால் நான் சொன்ன இனப் பிரிப்பைவிட அந்த மாட்யூலைச் செய்தவர்கள் குறிப்பிட்ட குறைந்தபட்ச ஓமே முக்கியம். அதற்குக் கீழே போனால் பாயிண்டாவது கருகும், மாட்யூல் சத்தமே இல்லாமல் செத்துப்போகும். மாட்யூலுக்குப் போகும் மின்சாரம் ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து, முழு வோல்ட்டாகப் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது காயில், அந்த 40,000 வோல்ட். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காயில் எட்டக்கூடிய உச்சம், பிளக்கில் விழும் வோல்ட் அல்ல. பிளக்கின் இடைவெளியில் தீப்பொறி தாண்டத் தேவையானது எவ்வளவோ அவ்வளவுக்கு எழும்பியதும் பொறி விழுந்துவிடும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சினில், ஒழுங்கான பிளக்கில், அது பெரும்பாலும் 10,000 வோல்ட்டைச் சுற்றியே இருக்கும். மிச்சம் கையிருப்பு, பிளக் தேய்ந்தாலோ இடைவெளி கூடினாலோ உதவும். ஆகவே அந்தக் காயில் 3 ஓம் இனமாக இருந்து, உங்கள் ஒயரிங்கும் ரெசிஸ்டர் இல்லாததாக இருந்தால் தாராளமாகப் போடலாம், கெடுதல் இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதால் லோரி வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த மிச்சப் பணத்தில் புதிய பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வாங்குங்கள் என்பேன்.

கண்டன்சர் என்றதும் முதலில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறேன். சூட்டில் நின்று, ஆறினால் கிளம்பும் நோய்க்கு என் அனுபவத்தில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். காயிலின் மெல்லிய சுற்றில் காப்பு பலவீனமாகி, சூட்டில் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் தாவிவிடுவது ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும், சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள அந்தச் சிறு கண்டன்சர் சூட்டில் கைவிடுவது இரண்டு. நம் ஊர் வெயிலில், எக்ஸாஸ்டின் அருகே ஓடும் குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகிவிடுவது மூன்று. இவற்றைப் பிரிக்க, லோரி நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். பட்டறைக்கு இழுத்து வந்த பிறகு எல்லாம் நலமாகத்தான் இருக்கும். ஒரு பழைய பிளக்கை உயர் வோல்ட் கம்பியில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல நீலப் பொறி சொடுக்கி விழுந்தால் காயிலைக் குறை சொல்லாதீர்கள், பெட்ரோல் பக்கம் போங்கள். கம்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு மட்டும் சோதிக்காதீர்கள். போக வழியில்லாத வோல்ட் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து விழுகிறது என்றால், காயிலா கண்டன்சரா என்பது மிச்சம். பழைய லோரி ஓட்டுநர்கள் தோளில் கிடக்கும் துண்டை நனைத்து காயிலின்மேல் சுற்றுவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பொறி திரும்பி வந்தால் காயில்தான் என்பார்கள். நானும் அதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால் துண்டு காயிலைக் குளிரவைக்கும் நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரும் தானே ஆறிக்கொண்டிருக்கிறது, ஆகவே இதை நிச்சயமான சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் காயிலின் மேல்முனைக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டன்சர் விலை காயிலின் விலையில் ஒரு சிறு பகுதி. முதலில் அதை மாற்றி ஒருநாள் ஓட்டிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. பாயிண்ட் முகம் கருகியிருந்தாலும், பாயிண்டுக்கு நடுவே பளிச்சென்று பொறி தெரிந்தாலும் கண்டன்சரின் மீதே என் சந்தேகம் முதலில் போகும்.

ஓம் அளவு சரியாக வந்தால் காயில் நல்லது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. மெல்லிய சுற்று வழக்கமாக 6,000 முதல் 12,000 ஓம் காட்டும். அந்த அளவு இருந்தும் சூட்டில் காப்பு உடையும் காயில்கள் எத்தனையோ உண்டு. அளவு தப்பினால் காயில் கெட்டது என்பது உறுதி. அளவு சரியாக இருந்தால் எதுவும் உறுதியில்லை.

வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள். நல்ல தௌக்கே கோபித்துக்கொள்ள மாட்டார். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்புவதைவிட இது மேல். 3 ஓம் என்று அச்சிட்ட டப்பாவுக்குள் ஒன்றரை ஓம் காயில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் ஜப்பானிய வண்டியின் காயில் எடுப்பதானால், அதோடு இருக்கும் பீங்கான் ரெசிஸ்டரையும் சேர்த்தே எடுங்கள், அவை ஜோடி. ஆனால் உங்கள் ஒயரிங்கில் ஏற்கெனவே ரெசிஸ்டர் கம்பி இருந்தால் இரண்டும் சேர்ந்து தீப்பொறியைக் கொன்றுவிடும். எண்ணெய் நிரப்பியதா, பிசின் நிரப்பியதா என்று கேட்டால், சாலை போட்ட ஊரில் எதுவும் ஒன்றுதான்; செம்பனைக் காட்டுக்குள் செம்மண் பாதையில் குலுங்கி ஓடும் லோரிக்கு நான் பிசின் காயிலைத் தேர்வேன். இது என் விருப்பம், சட்டமல்ல. எண்ணெய்க் காயிலானால் மேல்முனை மேலே இருக்கும்படி நிமிர்த்தி மாட்டுங்கள். படுக்கவைத்தால் எண்ணெய் சுற்றை முழுவதும் மூடாமல் ஒரு பக்கம் காய்ந்து சூடாகும்.

மாட்டுமுன் பேட்டரியில் எந்த முனை உடம்போடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் உடம்பில் இருந்தது. பிறகு பலர் மாற்றிவிட்டார்கள். மைனஸ் உடம்பில் இருந்தால் காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும், பிளஸ் உடம்பில் இருந்தால் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். பழைய காயிலில் பிளஸ் மைனஸுக்குப் பதிலாக எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் இருக்கலாம். முதலாவது சாவிக்கு, இரண்டாவது பாயிண்டுக்கு. மாற்றி மாட்டினாலும் எஞ்சின் ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகத் தாவ வேண்டியிருப்பதால் அதே இடைவெளிக்குக் கூடுதல் வோல்ட் செலவாகும். கழற்றிய பழைய பிளக்குகளில் நடுக்கம்பிக்குப் பதிலாக, வளைந்த பக்கக் கம்பி குழிந்து தேய்ந்திருந்தால், உங்கள் லோரி இத்தனை நாளும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

அந்த இரண்டு அளவுகளையும், பேட்டரியின் எந்த முனை உடம்பில் இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால், மூன்றில் எது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கழற்றிய காயிலைத் தூக்கி எறிய வேண்டாம். ஆறினால் அரை மணி நேரம் ஓடும் காயில், காட்டுக்குள் மாட்டிக்கொண்ட நாளில் பெரிய சாலை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அதன்மேல் பெயிண்டால் ‘சூட்டில் நிற்கும்’ என்று எழுதி வையுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வருடம் யாராவது அதை நல்ல காயில் என்று நினைத்து மறுபடியும் மாட்டிவிடுவார்கள்.